ஓடும்போது சரி, கம்பைல் நேரத்தில் பிழை: ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இதை எப்படித் திருத்துவது?

கேள்வி சுருக்கமாக இது: சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உள்ள ஒரு ஸ்ட்ரிங் ஃபங்ஷன் புரோகிராம் ஓடும்போது சரியான விடை தருகிறது. அதையே ஸ்டேட்டிக் அசர்ட்டுக்குள் (ஒரு நிபந்தனையைக் கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் வாக்கியம்) வைத்தால், இது மாறிலிக் கோவை (கம்பைல் நேரத்திலேயே மதிப்பு தெரியும் கணக்கு) இல்லை என்று கம்பைலர் மறுக்கிறது. இதைத் திருத்தி லைப்ரரிக்கு பேட்ச் அனுப்ப வேண்டும். "இப்போது கம்பைல் நேரமா?" என்று கேட்டு ஒரு தனிக் கிளை எழுதிவிட்டால் போதுமா?

பெரும்பாலும் போதாது. அப்படி அவசரமாக எழுதும் கிளையில்தான் அடுத்த பிழை வந்து உட்காரும், அதுவும் முந்தையதைவிட மோசமான பிழை. முதல் பிழையை கம்பைலராவது சொல்லிக் காட்டியது. இரண்டாவது எதுவும் சொல்லாமல் தவறான விடையைத் தரும். இதைக் கொஞ்சம் நிதானமாக விளக்குகிறேன்.

கம்பைல் நேரக் கணக்கைச் செய்வது கம்பைலருக்குள் இருக்கும் ஒரு சின்ன இன்டர்பிரெட்டர். அது நினைவகத்தை வெறும் பைட்டுகளின் வரிசையாகப் பார்ப்பதில்லை. எந்த ஆப்ஜெக்ட் எப்போது உயிர் பெற்றது, யூனியனில் (பல உறுப்புகள் ஒரே இடத்தைப் பகிரும் அமைப்பு) இப்போது எந்த உறுப்பு நடப்பில் இருக்கிறது, இந்தப் பாயிண்டர் எந்த அரேயின் எத்தனையாவது இடத்தைக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருக்கும். மொழி விதிகள் வரையறுக்காத ஒரு செயலைச் செய்தால் அங்கேயே நின்றுவிடும். நிற்க வேண்டும் என்று சி++ தரநிலையே சொல்கிறது. பிராசஸர் இதில் எதையும் கேட்பதில்லை, கொடுத்த முகவரியில் இருக்கும் பைட்டை எடுத்துக் கொடுத்துவிடும்.

லைப்ரரிகளோ பிராசஸரை மனதில் வைத்து, வேகத்துக்காகப் பல ஆண்டுகளாகச் செதுக்கப்பட்டவை. 2011-இல் கான்ஸ்ட்எக்ஸ்பிர் (கம்பைல் நேரத்திலும் ஓடலாம் என்று ஒரு ஃபங்ஷனைக் குறிக்கும் சொல்) வந்தபோது ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரே ஒரு ரிட்டர்ன் வாக்கியம்தான் எழுத முடியும். சி++14 லூப்பையும் உள்ளூர் மாறிகளையும் அனுமதித்தது. சி++20-தான் பெரிய தாவல்: கம்பைல் நேரத்திலேயே நினைவகம் ஒதுக்கலாம், வெக்டரும் ஸ்ட்ரிங்கும் அங்கே வேலை செய்ய வேண்டும் என்று ஆனது. பைட்டுகளை நம்பி எழுதிய பழைய கோடு (நிரல்), ஆப்ஜெக்ட்டுகளை மட்டுமே நம்பும் ஒரு இயந்திரத்துக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தது. நீங்கள் பார்க்கும் பிழைகளில் பெரும்பகுதி இந்த உரசலில் பிறந்தவை. அதனால் பிழைச் செய்தியைக் கண்டதும் "கம்பைலர் ஏன் மறுக்கிறது?" என்று எரிச்சல்படுவதைவிட, "லைப்ரரி இங்கே நினைவகத்தைப் பற்றி எதைச் சும்மா நம்பிக்கொண்டது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதித் திருத்தம் அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

முதல் வேலை, பிழையைச் சின்னதாக்குவது. ஐந்தாறு வரிக்குள் ஒரு ஸ்டேட்டிக் அசர்ட். அப்புறம் பிழைச் செய்தியை முழுக்கப் படியுங்கள். ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் என்று பத்துப் பதினைந்து குறிப்புகள் அடுக்காக வரும். எல்லாவற்றிலும் உள்ளே ஆழமாக இருக்கும் அழைப்பைச் சொல்லும் குறிப்பில்தான் விஷயம் இருக்கிறது: கான்ஸ்ட்எக்ஸ்பிர் அல்லாத ஃபங்ஷனை அழைத்தாய், மதிப்பு கொடுக்காத இடத்தைப் படித்தாய், நடப்பில் இல்லாத யூனியன் உறுப்பைத் தொட்டாய் என்று ஏதாவது ஒன்று. அதே கோடை ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் போட்டுப் பாருங்கள். கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையக் கருவியில் ஒரு நிமிட வேலை. ஜிசிசியோடு வரும் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியை கிளாங்கிலும் பயன்படுத்தலாம் என்பதால், லைப்ரரியை மாற்றாமல் கம்பைலரை மட்டும் மாற்றிச் சோதிக்க முடியும். ஒன்று ஏற்று மற்றொன்று மறுத்தால் கோளாறு கம்பைலரிலும் இருக்கலாம். அப்படி இருந்தால் லைப்ரரியில் ஒட்டுப் போடுவதற்கு முன் கம்பைலர்காரர்களிடம் புகார் பதிவது நல்லது.

எளிய வகை ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் ஏதோ ஒரு துணை ஃபங்ஷனில் கான்ஸ்ட்எக்ஸ்பிர் என்ற சொல்லே விடுபட்டிருக்கும். வெளி ஃபங்ஷன் டெம்ப்ளேட்டாக இருந்தால் கம்பைலர் இதைப் பற்றி வாயே திறக்காது, ஏனென்றால் நிபந்தனை நிறைவேறாத டெம்ப்ளேட் சத்தமில்லாமல் சாதாரண ஃபங்ஷனாகிவிடலாம் என்பது விதி. சி++23 இதை மற்ற ஃபங்ஷன்களுக்கும் தளர்த்திவிட்டது. ஆகவே அறிவிப்பில் அந்தச் சொல் இருப்பதால் மட்டும் ஃபங்ஷன் கம்பைல் நேரத்தில் ஓடும் என்று நம்ப முடியாது. யாராவது உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கும் வரை பிழை தூங்கிக்கொண்டிருக்கும். திருத்தம் ஒரு சொல்தான்.

இனி சுவையான வகைகளுக்கு வருகிறேன்.

பூலியன்களின் வெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு உண்மை-பொய்யையும் ஒரு பிட்டாகச் சுருக்கி, பெரிய முழு எண் சொற்களுக்குள் அடைக்கிறது. ஒரு பிட்டை மாற்ற வேண்டுமானால் முழுச் சொல்லையும் படித்து, முகமூடியோடு சேர்த்து, திரும்ப எழுத வேண்டும். புதிதாக ஒதுக்கிய இடத்தில் முதல் பிட்டை எழுதும்போது அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது? குப்பை. ஓடும் நேரத்தில் யாருக்கும் கவலை இல்லை, மீதிப் பிட்டுகளை யாரும் பார்க்கப் போவதில்லை. கம்பைல் நேரத்தில் மதிப்பில்லாத சொல்லைப் படிப்பதே குற்றம். திருத்தம், கம்பைல் நேரத்தில் மட்டும் ஒதுக்கிய சொற்களை முதலில் பூஜ்யமாக்குவது. இங்கே தனிக் கிளை நியாயமானது. விடையை மாற்றவில்லை, பிட்டுகள் பிறக்கும் இடத்தைச் சுத்தம் செய்கிறது, அவ்வளவுதான்.

ஸ்ட்ரிங்கில் இதன் உறவுக்காரப் பிழை இருக்கிறது. சின்ன எழுத்துக் கோவைகளை ஹீப்பில் (தேவைப்படும்போது ஒதுக்கும் நினைவகப் பகுதி) வைக்காமல் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே வைப்பார்கள். லிப்எஸ்டிடிசி++ இல் அந்த உள் இடமும், ஹீப்பில் ஒதுக்கிய கொள்ளளவைச் சொல்லும் எண்ணும் ஒரே யூனியனில் இருக்கின்றன. ஒரு பாயிண்டரை எடுத்துக்கொண்டு உள் இடத்தில் எழுத்தெழுத்தாக எழுத ஆரம்பித்தால் பிராசஸருக்குச் சம்மதம்தான். இன்டர்பிரெட்டர் மட்டும், அந்த உறுப்பு இன்னும் நடப்புக்கு வரவில்லையே என்று கேட்கும். அதனால்தான் அந்த லைப்ரரியில் உள் இடத்தை நடப்புக்குக் கொண்டுவருவதற்கென்றே ஒரு சிறு துணை ஃபங்ஷன் இருக்கிறது, கம்பைல் நேரத்தில் அது ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பு எழுதிவிடும். கிளாங் திட்டத்தின் லைப்ரரியான லிப்சி++ ஆரம்பத்தில் வேறு வழி போனது: கம்பைல் நேரத்தில் எவ்வளவு சின்ன ஸ்ட்ரிங்காக இருந்தாலும் ஹீப்பில்தான். கோடு எளிமையானது, ஆனால் கம்பைல் நேரத்தில் ஒதுக்கிய நினைவகம் அதே கணக்கு முடிவதற்குள் விடுவிக்கப்பட வேண்டும் என்ற விதி இருக்கிறதே! அதனால் ஒரு லைப்ரரியில் ஸ்டேட்டிக் மாறிலியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டெழுத்து ஸ்ட்ரிங், இன்னொன்றில் மறுக்கப்பட்டது. உள்ளே செய்யும் சௌகரியமான தேர்வு, வெளியே பயனர் எதை எழுத முடியும் என்பதையே மாற்றிவிடும். பேட்ச் எழுதும்போது இதை எடைபோட வேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் நெருக்கமான பிழை. நான் முதன்முதலில் எழுதிய திருத்தங்களில் ஒன்று இதே தவறோடுதான் இருந்தது. எழுத்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் ஃபங்ஷன், மூல இடமும் சேருமிடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலும் சரியாக வேலை செய்ய வேண்டும். ஓடும் நேரத்தில் மெம்மூவ் என்ற சி ஃபங்ஷன் அதைப் பார்த்துக்கொள்கிறது. மெம்மூவ் கான்ஸ்ட்எக்ஸ்பிர் ஃபங்ஷன் இல்லை. சரி, கம்பைல் நேரத்துக்கு ஒரு லூப் எழுதினேன்: முதல் எழுத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக நகல். கம்பைலர் ஏற்றது, டெஸ்ட் எல்லாம் பச்சை.

இப்போது 1, 2, 3, 4, 5 என்ற ஐந்தில் முதல் நான்கையும் ஓரிடம் வலப்பக்கம் தள்ளுங்கள். வர வேண்டியது 1, 1, 2, 3, 4. என் லூப் தந்தது 1, 1, 1, 1, 1. முதல் நகலே அடுத்து நகலெடுக்க வேண்டிய எண்ணை அழித்துவிட்டது. டெஸ்டுகளில் படியும் இடங்களே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஸ்ட்ரிங்கின் நடுவில் ஓர் எழுத்தைச் செருகினாலே இந்த நிலை வந்துவிடும்.

பின்னிருந்து நகலெடுக்க வேண்டியதுதானே என்று தோன்றும். எப்போது முன்னிருந்து, எப்போது பின்னிருந்து என்று தெரிய, எந்தப் பாயிண்டர் முன்னால் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒரே அரேக்குள் இருக்கும் இரண்டு பாயிண்டர்களில் எது சிறியது என்று கேட்கலாம். வெவ்வேறு ஆப்ஜெக்ட்டுகளைக் காட்டும் பாயிண்டர்களிடம் அப்படிக் கேட்டால் விடை என்னவென்று மொழி சொல்லவில்லை, ஆகவே இன்டர்பிரெட்டர் நின்றுவிடும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் லெஸ் என்ற ஒப்பீட்டு வசதி எல்லாப் பாயிண்டர்களையும் வரிசைப்படுத்தித் தரும் என்ற உறுதியும் இங்கே கைகொடுக்காது. கம்பைல் நேரத்தில் அந்த ஆப்ஜெக்ட்டுகளுக்கு முகவரியே கிடையாதே, எதை வைத்து வரிசைப்படுத்துவது?

ஆனால் சமமா என்று கேட்கலாம். அதில்தான் விடுதலை. மூலத்தின் ஒவ்வோர் இடமாகப் போய், சேருமிடத்தின் தொடக்கம் இதுதானா என்று கேளுங்கள். எங்காவது ஆம் என்று வந்தால் படிந்திருக்கிறது, பின்னிருந்து நகலெடுங்கள். இல்லையென்றால் முன்னிருந்து. ஒரே எச்சரிக்கை: கடைசி எழுத்துக்கு அடுத்த இடத்தை இந்த ஒப்பீட்டில் சேர்த்துவிடாதீர்கள். ஓர் அரேயின் முடிவைத் தாண்டிய பாயிண்டரும் இன்னோர் ஆப்ஜெக்ட்டின் தொடக்கமும் சமமா என்பதற்கு மொழியில் உறுதியான விடை இல்லை. இவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்றால் தற்காலிக இடம் ஒன்றை ஒதுக்கி, அதில் முழுதும் நகலெடுத்து, அங்கிருந்து சேருமிடத்துக்குக் கொண்டுபோகலாம். கம்பைல் நேரத்தில் அந்தச் செலவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஸ்ட்ரிங் தன்னையே தனக்குள் ஒட்டும் அழைப்புகளுக்கு எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். படிப்பவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

இதைவிட நயவஞ்சகமானது எழுத்து ஒப்பீடு. இரண்டு கோவைகளில் எது அகரவரிசையில் முந்தியது என்று பார்க்க, ஓடும் நேரத்தில் மெம்கம்ப் அழைக்கப்படும். அது ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகப் பார்க்கும். கம்பைல் நேரத்துக்கு ஒரு லூப் எழுதி இரண்டு சார்களை (ஒரு பைட் அளவுள்ள எழுத்து வகை) நேரடியாகச் சிறியதா என்று ஒப்பிட்டால் என்ன ஆகும்? எக்ஸ்86 இயந்திரங்களில் சார் குறியுள்ள எண், அதாவது 127-க்கு மேற்பட்ட பைட்டுகள் எல்லாம் எதிர்மறை. யுடிஎஃப்-8-இல் "அ" என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கடைசியானது 122. ஓடும் நேரத்தில் "அ" அதற்குப் பின்னால் வரும், 224 பெரியது. கம்பைல் நேரத்தில் 224 என்பது -32 ஆகிவிட, "அ" முன்னால் வந்துவிடும்.

விளைவை யோசித்துப் பாருங்கள். ஒருவர் சொற்பட்டியலைக் கம்பைல் நேரத்திலேயே வரிசைப்படுத்தி வைக்கிறார். சி++20 முதல் வரிசைப்படுத்தும் சார்ட் ஃபங்ஷன் கான்ஸ்ட்எக்ஸ்பிர்தான். ஓடும் நேரத்தில் அதற்குள் பைனரி தேடல் செய்கிறார். பட்டியலில் இருக்கும் சொல்லே கிடைக்காது. எங்கும் பிழைச் செய்தி இல்லை. ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதித்தால் என்றைக்கும் தெரியாது. ஏஆர்எம் லினக்ஸில் சார் குறியற்றது என்பதால் அங்கே சோதித்தாலும் தெரியாது. திருத்தம் ஒரே வரி: ஒப்பிடும் முன் இரண்டையும் குறியற்ற சாராக மாற்றுவது. தரநிலையும் அப்படித்தான் கேட்கிறது. நம் எழுத்துகளை வைத்து டெஸ்ட் எழுதுபவர்கள் லைப்ரரி திட்டங்களில் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்று நான் மனதார நினைப்பதற்கு இந்த ஒரு பிழையே போதும்.

ஆகவே கிளை எழுதுவது பற்றி என் நிலை இதுதான்: இரண்டு கிளை என்றால் இரண்டு புரோகிராம். இரண்டும் எல்லா உள்ளீட்டுக்கும் ஒரே விடை தர வேண்டும் என்ற பொறுப்பு, கிளை எழுதியவர் தலையில். முதலில் கிளையே இல்லாமல் முடியுமா என்று பாருங்கள். நேரடியாக நினைவகத்தில் எழுதும் இடங்களில் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்ட் அட், அழிக்கும் டெஸ்ட்ராய் அட் போதும், பிட்டுகளை வேறு வகையாகப் படிக்கும் இடங்களில் ரீஇன்டர்பிரெட் காஸ்ட்டுக்குப் பதில் பிட் காஸ்ட் போதும். இவை இரண்டு நேரத்திலும் ஓடும். முடியவே முடியாத இடத்தில் கிளையை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு கீழே இறக்குங்கள். ஸ்ட்ரிங்கின் முப்பது பொது ஃபங்ஷன்களில் முப்பது கிளை இருப்பதைவிட, "இத்தனை எழுத்தை இங்கிருந்து அங்கே நகர்த்து" என்ற ஒரே துணை ஃபங்ஷனுக்குள் ஒரு கிளை இருப்பது நூறு மடங்கு மேல்.

எழுதும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. "இப்போது கம்பைல் நேரமா?" என்று கேட்கும் இஸ் கான்ஸ்டன்ட் எவால்யுவேட்டட் ஃபங்ஷனைச் சாதாரண இஃப்பில்தான் வைக்க வேண்டும். இஃப் கான்ஸ்ட்எக்ஸ்பிரில் வைத்தால், அந்த நிபந்தனையே கம்பைல் நேரத்தில் கணக்கிடப்படுவதால் விடை எப்போதும் ஆம். ஓடும் நேரத்திலும் மெதுவான லூப்தான் ஓடும். விடை சரியாகவே வரும், அதனால் டெஸ்டுகள் பிடிக்காது, வேகம் மட்டும் போய்விடும். கம்பைலர்கள் இப்போது எச்சரிக்கின்றன, ஆனால் சிஸ்டம் ஹெடர்களில் வரும் எச்சரிக்கைகள் பயனருக்கு இயல்பாக மறைக்கப்படுகின்றன. சி++23-இன் இஃப் கான்ஸ்ட்எவால் இந்தத் தவறுக்கு இடமே தராது, கிடைக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்.

மற்ற மொழிகளும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. டி மொழியில் சிடிஎஃப்இ என்ற சிறப்பு மாறியை இஃப்பில் வைத்துக் கேட்பார்கள், ஜிக் மொழியில் இன் காம்ப்டைம். ரஸ்டின் லைப்ரரிக்குள் இரண்டு ஃபங்ஷன்களை ஜோடியாகக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் உள்வசதி உண்டு, இரண்டின் நடத்தையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட நிபந்தனை. ரஸ்டில் எனக்குப் பிடித்த அணுகுமுறை இன்னொன்று: பாயிண்டர் சீரான முகவரிக்கு வர எத்தனை இடம் தள்ள வேண்டும் என்று சொல்லும் அலைன் ஆஃப்செட். 2024 வரை இது எப்போது வேண்டுமானாலும் மிகப்பெரிய எண்ணை, அதாவது "முடியாது" என்ற விடையைத் தரலாம் என்று ஆவணமே அனுமதித்தது. இந்த விடையை வேகத்துக்கு மட்டும் நம்பு, சரியான தன்மைக்கு நம்பாதே என்றது. அப்படி எழுதிய கோடு முகவரி இல்லாத கம்பைல் நேரத்திலும் இயல்பாகவே சரியாக ஓடியது. கிளையைத் தவிர்க்கும் அழகான வழி இது.

வரம்புகளைப் பற்றிக் கொஞ்சம். ஜிசிசி இயல்பாக 512 நிலை ஆழ அழைப்பு, ஒரு லூப்புக்கு 262144 சுற்று, மொத்தம் 33554432 செயல்கள் வரை அனுமதிக்கும். கிளாங்கில் 1048576 படிகள். ஜிக்கில் 1000 பின்னோக்கிய தாவல்கள்தான், தேவையென்றால் கோடிலேயே கூட்டிக்கொள்ளலாம். ஓர் உறுப்புக்கு ஒரு அழைப்பு என்று ஆழமாகப் போகும் துணை ஃபங்ஷன், ஐந்நூற்றுச் சொச்சம் உறுப்புகளில் உடையும். பயனரிடம் வரம்பைக் கூட்டிக்கொள் என்று சொல்வது திருத்தம் ஆகாது. லூப்பாக மாற்றுங்கள், அல்லது பாதி பாதியாகப் பிரியும் அழைப்பாக.

டெஸ்டுக்கு லிப்சி++ பின்பற்றும் பழக்கம் பொன்னானது. சோதனை முழுவதையும் ஒரு கான்ஸ்ட்எக்ஸ்பிர் பூலியன் ஃபங்ஷனாக எழுதி, கடைசியில் ட்ரூ திருப்பிக் கொடுக்கச் செய்வார்கள். மெயினுக்குள் அதை ஒருமுறை சாதாரணமாக அழைப்பார்கள், இன்னொருமுறை ஸ்டேட்டிக் அசர்ட்டுக்குள். ஒரே உள்ளீடு, ஒரே எதிர்பார்ப்பு, இரண்டு பாதை. உங்கள் பேட்ச்சில் இந்த வடிவம் இருக்கட்டும், அதற்குள் வெற்றுக் கோவை, படியும் இடங்கள், 127-க்கு மேற்பட்ட பைட்டுகள், உள் இடத்துக்குச் சரியாகப் பொருந்தும் நீளம், அதைவிட ஒன்று கூடிய நீளம் எல்லாம் வரட்டும். லிப்எஸ்டிடிசி++ இல் 64 பிட் இயந்திரத்தில் சாதாரண சார் ஸ்ட்ரிங்குக்கு அந்த எல்லை 15 எழுத்து. இப்படி ஓட்டும்போது எதிர்பாராத பயனும் கிடைக்கும்: ஓடும் நேரத்திலும் விதிமீறலாக இருந்து, அதிர்ஷ்டத்தால் வேலை செய்துகொண்டிருந்த கோடையும் இன்டர்பிரெட்டர் காட்டிக்கொடுக்கும்.

பேட்ச் அனுப்பும் முன் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். தரநிலை கேட்காத பொது ஃபங்ஷனைத் தானாகக் கான்ஸ்ட்எக்ஸ்பிர் ஆக்க லைப்ரரிக்கு உரிமை இல்லை. சி++17 முறையில் சார்ட் கான்ஸ்ட்எக்ஸ்பிராக இருக்கக் கூடாது, அதனால்தான் இந்த லைப்ரரிகளில் ஆண்டு வாரியாக மேக்ரோக்கள் இருக்கின்றன. சரியான மேக்ரோவைப் பயன்படுத்துங்கள், உள் துணை ஃபங்ஷன்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டாவது, ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்து, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் வரும் அசெம்பிளியை ஒப்பிடுங்கள். ஓடும் நேரத்துக் கோடில் மெம்மூவ் அழைப்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அங்கே லூப் ஒன்று புதிதாகத் தென்பட்டால் கிளை தவறான பக்கம் திரும்பியிருக்கிறது, பேட்ச்சை அனுப்பாமல் அந்த இஃப்பைத் திரும்பப் போய்ப் பாருங்கள்.